இரண்டு சாண் நாலு விரல்

கட்டிய கணவன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு கட்டுப்பாடு. எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்: சுப்பராயலு. அண்ணாமலை நகரில் ஓர் ஆபீசில் பழைய காகிதக் கட்டுகளைக் காவல் காக்கும் குமாஸ்தா. ஆறடிக்கு மேல் உயரம். கை ஒவ்வொன்றும் முறம். நான் ரத்தினம்மாள், பதினாலு வருஷமாக இந்த மனுஷனோடு குப்பை கொட்டிக்கொண்டிருப்பவள். அதில் கடைசி ஆறு வருஷமும் துணிக் குப்பை.

எல்லாம் அறுபத்திரண்டாம் வருஷத் தீபாவளியில் ஆரம்பித்தது. சிதம்பரம் கீழவீதியில் பொன்னுரங்கம் என்று ஒரு தையற்காரர். எப்போது கேட்டாலும் 'நாளைக்கு' என்பார். ஒரு மாதம் முன்பே துணி கொடுத்திருந்தும், தீபாவளியன்று காலையில் ஈரத் தலையோடு என் வீட்டுக்காரர் போய் நின்றபோது சட்டை கிடைத்தது, பட்டன் நுழையும் காஜா கிடைக்கவில்லை.

"பட்டன் தச்சிட்டேன் சார். காஜா எடுக்குற ஆளு ஊருக்குப் போயிட்டான். இன்னிக்கு ஒரு நாளைக்குப் பின்னு குத்திக்குங்க" என்றாராம் பொன்னுரங்கம்.

இவரும் ஐந்து பின் குத்திக்கொண்டு வந்தார். மத்தியானம் வடை பாயசத்தோடு வயிறு முட்டச் சாப்பிட்டு ஓர் ஏப்பம் விட்டார் பாருங்கள், மூன்று பின் தெறித்தது. இரண்டு கிடைத்தது. மூன்றாவது பாயசப் பாத்திரத்தில் இருந்தது. அது அகப்படும் வரை நான் யாருக்கும் பாயசம் ஊற்றவில்லை.

இவர் எச்சில் கையோடு எழுந்து நின்றார். "இனிமே தையக்காரன் கை பட்ட துணி எதுவும் இந்த ஒடம்புல ஏறாது. சத்தியம்!"

"அப்ப என்னத்தக் கட்டிக்கிட்டு ஆபீசுக்குப் போவீங்க?"

"நானே தைப்பேன்."

"ஊசியில நூலு கோக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"போடி, இது என்ன ராக்கெட்டா?"

ஆபீசில் இவரோடு வேலை பார்க்கும் நஸ்ருதீன் அண்ணன் வீட்டில், பினாங்கிலிருந்து வந்த பழைய கை மிஷின் ஒன்று சும்மா கிடந்தது. அவர் அதைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். போகும்போது என்னைப் பார்த்து, "தங்கச்சி, வீட்டுல இருக்குற நல்ல துணியெல்லாம் எடுத்துப் பூட்டி வெச்சிடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சிரித்தேன். பூட்டியிருக்க வேண்டும்.

முதலில் தனக்கு ஒரு காடாத் துணிச் சட்டை தைத்தார். நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஒரு வாரம் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் நடந்தார். நான் அதைத் துவைத்துக் காயப்போட்டேன், அவ்வளவுதான். சட்டை சுருங்கித் தொப்புளுக்கு மேலே ஏறிக்கொண்டது. ஆபீசில் மேல்தட்டுக் காகிதக் கட்டுகளை எடுக்க இவர் கையைத் தூக்கும்போதெல்லாம் பக்கத்து மேஜைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்களாம்.

அன்றைக்குச் சாயந்திரம் பழைய காலண்டர் ஒன்றைத் திருப்பி மிஷினுக்கு மேலே மாட்டினார். ஆபீஸ் நீலப் பென்சிலால் எழுதினார்: 'வெட்டுமுன் நனை. காயவிடு. அப்புறம் கத்திரி.'

இதுதான் அவர் படித்த முறை. வாத்தியார் கிடையாது. துணி ஒன்று செத்தால் காலண்டரில் ஒரு வரி ஏறும். எழுதியது அவர், செத்ததில் பாதி என் துணி.

எனக்குப் பூப்போட்ட சீட்டித் துணியில் ரவிக்கை தைத்தார். இரண்டு கையையும் ஒரே பக்கமாகத் துணியை வைத்து வெட்டிவிட்டார். இரண்டும் வலக்கை. ஒன்றைத் திருப்பித் தைத்தால் பூ உள்ளே போய்விடும். "ஒரு பக்கம் மட்டும் பூ இருந்தா என்னா? முந்தானையாலதான் மூடிக்கப்போறியே" என்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அந்த ரவிக்கையை அடுப்புத் துடைக்கப் போட்டேன். காலண்டரில் ஏறியது: 'கை இரண்டையும் எதிர் எதிராக வைத்து வெட்டு.'

பிறகு பேண்ட். உடம்பளவு எவ்வளவோ அவ்வளவே துணியையும் வெட்டினார். தையலுக்குள் போகிற துணிக்கு யார் கணக்குச் சொல்வது? பேண்ட் நிற்கும்போது நன்றாக இருந்தது. உட்கார்ந்தார். சத்தம் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வரைக்கும் கேட்டது. 'தையலுக்கு முக்கால் அங்குலம் விடு. உட்கார இன்னும் கொஞ்சம் விடு.'

இன்னொரு நாள் நஸ்ருதீன் அண்ணன் வந்தார். இவர் மரியாதையாக எழுந்தார். எழுந்தவரோடு மிஷினும் எழுந்தது. தலையணை உறையை மடியில் போட்டுத் தைத்ததில் கட்டியிருந்த வேட்டியையும் சேர்த்துத் தைத்திருந்தார்.

"மச்சான், ஒக்காருங்க மச்சான், ஒக்காருங்க! நான் அப்புறமா வர்றேன்" என்று அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடினார்.

இதோடு கேளிக்கை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். அறுபத்துநாலு தை மாதத்தில் கடலூர் முதுநகரிலிருந்து ஒரு கார்டு வந்தது. எழுதியது இவருடைய ஒரே தங்கை புஷ்பவள்ளி.

புஷ்பவள்ளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவளுக்கு ஆறு வயதாகும்போதே தாயும் தகப்பனும் போய்விட்டார்கள். அப்போது இவருக்குப் பதினெட்டு. தலை வாரி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்துக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போய் வளர்த்தவர் இவர்தான். முதுநகரில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை தங்கம். மாமியார் அமிர்தம்மாள் மட்டும் வேறு மாதிரி. கல்யாணத்துக்கு நாங்கள் வைத்த சீரில் குத்துவிளக்கு அரை அடி குட்டையாம். அதை ஐந்து வருஷமாக, விளக்கேற்றும்போதெல்லாம் குனிந்து காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது புஷ்பாவின் மூன்று வயது மகன் பழனிவேலுக்கு மொட்டையடித்துக் காது குத்தப் போகிறார்கள். தாய்மாமன் எடுத்துவரும் புதுத் துணியைப் போட்டு, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். கார்டில் எழுதியிருந்தாள்: 'அண்ணா, நீ துணி தைப்பதை எங்க அத்தை கேள்விப்பட்டுவிட்டார்கள். தைக்கத் தெரியாதவன் தைத்ததைப் பேரனுக்குப் போட மாட்டார்களாம். சீர் சரியில்லை என்றால் அவர்கள் தம்பி மடியில் உட்கார வைத்துக் குத்திவிடுவார்களாம். கடையிலேயே வாங்கி வந்துவிடு அண்ணா. உன் மடியில் உட்காரவில்லை என்றால் எனக்குத் தாங்காது.'

நான் வாசித்துக் காட்டி முடிக்கவில்லை. இவர் கண் சிவந்துவிட்டது.

"எந்தங்கச்சி புள்ளைக்கு நான் தைக்காம எவன் தைப்பான்?"

"அவளே கடையில வாங்கச் சொல்றா. உங்களுக்கு என்னா வீம்பு? சத்தியம் உங்க ஒடம்புக்குத்தானே, அந்தப் புள்ள ஒடம்புக்கா?"

"அளவு அனுப்பச் சொல்லி எழுது."

எழுதினேன். அளவுக்குப் பிள்ளையின் பழைய சட்டை ஒன்றை அனுப்பு என்றுதான் எழுதினேன். பிள்ளை போட்டுக் கழற்றிய துணி வாசற்படி தாண்டினால் ஆகாது என்று அமிர்தம்மாள் தடுத்துவிட்டாள். அந்த வீட்டில் டேப் கிடையாது. புஷ்பா தன் கையாலேயே அளந்து எழுதி அனுப்பினாள்: நீளம் இரண்டு சாண் நாலு விரல், கை ஒன்றரைச் சாண் இரண்டு விரல், மார்பு சுற்றி மூன்று சாண் மூன்று விரல்.

சந்தன நிறத்தில் பட்டுத் துணி வாங்கி வந்தார். ஜிப்பா, கழுத்தில் ஜரிகை. காலண்டர் முன்னால் நின்று ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்தார், ஏதோ பூசைக்கு உட்காருகிறவர் போல. கை இரண்டையும் எதிர் எதிராக வைத்தார். தையலுக்கு முக்கால் அங்குலம் விட்டார். பெரிய பெரிய தையலாகக் கையால் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் மிஷினில் போட்டார். மடியில் வைக்கவில்லை. கழுத்தில் தலை நுழையுமா என்று பார்க்க ஒரு பரங்கிக்காய் வாங்கி வந்து நுழைத்துப் பார்த்தார். நுழைந்தது. அந்தக் காயை மூன்று நாள் சாம்பார் வைத்தேன்.

பதினைந்து நாளில் ஜிப்பா ஆனது. ஒரு பிசிறு கிடையாது. காஜா மட்டும்தான் கொஞ்சம் கோணல். ஆனால் பிரித்துப் பிடித்தபோது எனக்குப் பகீரென்றது.

"ஏங்க, மூணு வயசுப் புள்ளைக்கு இது பெருசா இல்ல?"

"எங்க வம்சமே ஒசரம். ஜிப்பான்னா கொஞ்சம் தொளதொளன்னுதான் இருக்கும். நீ கண்ணு வெக்காத."

கண் வைக்கவில்லை. மறுநாள் இவர் ஆபீசுக்குப் போனதும் சிதம்பரம் கடைத்தெருவுக்குப் போய், மூன்று வயதுப் பிள்ளைக்கு அளவான பட்டுச் சட்டை ஒன்றை ரெடிமேடாக வாங்கி, என் பையில் புடவைக்கு அடியில் ஒளித்துவைத்தேன். துரோகம்தான். புஷ்பாவின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது, என்ன செய்ய?

பாசஞ்சர் ரயிலில் ஏறி கடலூர் ஓ.டி. ஸ்டேஷனில் இறங்கினோம். முதுநகருக்கு வெளியே அவர்கள் குலதெய்வம் கோயிலில் சனம் கூடியிருந்தது. பழனிவேலுக்கு மொட்டை நடந்துகொண்டிருந்தது. நடந்தது என்று சும்மா சொல்கிறேன், யுத்தம். அவன் அப்பனும் சித்தப்பனும் ஆளுக்கொரு கையைப் பிடித்திருக்க, நாவிதர் விரலைக் கடித்துவிட்டான். தலைக்குத் தண்ணீர் ஊற்றி, சந்தனம் பூசி, அம்மணமாக நிறுத்தினார்கள்.

அமிர்தம்மாள் எங்கள் சீர்த் தட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். பக்கத்தில் அவள் தம்பி, துவைத்து மடித்த வேட்டியோடு, எப்போது கூப்பிடுவார்கள் என்று தயாராக.

"எங்க, உங்க கைவேலையக் காட்டுங்க பாப்போம்" என்றாள் இவரிடம்.

ஜிப்பாவை எடுத்துப் பிரித்தாள். பிரித்தாள், பிரித்தாள், இன்னும் பிரிந்துகொண்டே வந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"இது புள்ளைக்கா, புள்ளையப் பெத்தவனுக்கா?"

இவருக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், ஜிப்பாவை வாங்கித் தரையில் போட்டுக் கையை விரித்து அளந்தார். "ரெண்டு சாண்... நாலு விரலு. சரியாத்தானங்க இருக்குது?"

புஷ்பா ஓடிவந்து பக்கத்தில் மண்டியிட்டாள். அவர் கைமேல் தன் கையை விரித்து வைத்தாள். அவள் சாண் அவருடைய சாணில் முக்கால்தான் வந்தது. வளையல் போட்ட சின்னக் கை. அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இவர் உதடு துடித்தது. ஆறடி மனுஷன் அழுதுவிடுவாரோ என்று நான் பையைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"அப்பவே சொன்னேன்" என்றாள் அமிர்தம்மாள். தம்பி பக்கம் திரும்பி, "நீ வந்து ஒக்காருடா. நேரம் போவுது" என்றாள்.

நான் பையிலிருந்து கடைச் சட்டையை உருவி, முந்தானைக்குள் வைத்து, புஷ்பாவின் கையில் திணித்தேன். "இதப் போட்டுடு. சரியா இருக்கும். உங்கண்ணன் மடியிலயே ஒக்கார வெச்சிடலாம்."

அவள் தொட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"வேணாம் அண்ணி." பிறகு மாமியாரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "எங்கண்ணன் தச்சதத்தான் எம்புள்ள போடுவான். பெருசா இருந்தா இருந்துட்டுப் போவட்டும்."

ஐந்து வருஷத்தில் அவள் அந்த அம்மாளிடம் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அந்த அம்மாளும் பார்த்ததில்லை போலிருக்கிறது, திறந்த வாய் திறந்தபடியே நின்றாள்.

புஷ்பா பிள்ளையைத் தூக்கி ஜிப்பாவுக்குள் போட்டாள். சந்தன மொட்டை மட்டும் மேலே தெரிந்தது. அடிப்பக்கம் கணுக்காலைத் தொட்டது. கைகள் இரண்டும் விரல் நுனியைத் தாண்டித் தொங்கின. இவர் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார்.

காது குத்தும் பத்தர் கம்பியோடு வந்தார். வயசானவர். வரும்போதே, "கைய நல்லா புடிச்சுக்குங்க, போன வாரம் ஒரு புள்ள என் கண்ணாடிய ஒடச்சிட்டான்" என்றார். நாவிதர் தன் விரலைக் காட்டி, "கண்ணாடியோட விட்டுச்சேன்னு சந்தோசப்படுங்க" என்றார்.

பழனிவேல் கம்பியைப் பார்த்தான். கையைத் தூக்கினான். கை எங்கே? பட்டுக்குள் எங்கேயோ இருந்தது. அந்தப் பக்கம் ஆட்டினான், இந்தப் பக்கம் ஆட்டினான், துணிதான் ஆடியது. இவர் தொங்கிய இரண்டு முனைகளையும் சேர்த்துத் தன் ஒரே உள்ளங்கையில் பிடித்துக்கொண்டார். கால் உதைக்கலாம் என்றால் அதையும் ஜிப்பா சுற்றிக்கொண்டிருந்தது. தன்னையே குனிந்து பார்த்து, என்ன நடக்கிறது என்று பிள்ளை யோசித்துக்கொண்டிருக்கும்போதே வலது காது முடிந்தது. வாயைத் திறப்பதற்குள் இடது காதும் முடிந்தது. அப்புறம்தான் அழுதான். அழுதானே தவிர, யாரையும் கடிக்க முடியவில்லை.

பத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"நாப்பது வருசமா குத்துறேன். ஒரு புள்ளைக்கு நாலு ஆளு வேணும். கைய நீளமா விட்டு இப்பிடித் தச்சுக் கொண்டாந்த தாய்மாமன இன்னிக்குத்தான் பாக்குறேன். தெரிஞ்சவன் வேலைம்மா இது. யாரு தச்சது?"

கூட்டம் அடங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, அரிச்சந்திரனுக்கு அடுத்த வீடு. "இல்லீங்க, அளவுல ஒரு சின்ன..." என்று ஆரம்பித்தார். நான் அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

"ஆமாங்க, எங்கண்ணன்தான்" என்றாள் புஷ்பா. "காது குத்துக்குன்னு யோசிச்சுத் தச்சாரு." சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அமிர்தம்மாள் ஜிப்பாவை இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்தாள். எங்காவது பிரியுமா என்று பார்த்தாள் போல. முக்கால் அங்குலம் விட்டுத் தைத்தது, பிரியவில்லை. "காஜா கோணலா இருக்குது" என்றாள். சாப்பாட்டுப் பந்தியில் இவருக்கு இரண்டாம் தடவை பாயசம் ஊற்றியதும் அவள்தான். ஊற்றிக்கொண்டே, "எம்பொண்ணு வயித்துப் பேத்திக்கு வைகாசியில காது குத்துறாங்க தம்பி. அதுக்கும் இதே மாதிரி கை நீளமா ஒண்ணு..." என்று இழுத்தாள். இவர் பாயசத்தைக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார். தீபாவளிப் பழக்கம்.

திரும்பும் ரயிலில் வெற்றிலை தேடி என் பையில் கையை விட்டார். ஆலப்பாக்கம் தாண்டியிருந்தது. கை வெளியே வந்தபோது அதில் கடைச் சட்டை இருந்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன். புதுச்சத்திரம் போயிற்று. பரங்கிப்பேட்டையும் போயிற்று. இவர் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேயிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"உங்கள நம்பாம வாங்கல. அவளுக்காகத்தான் வாங்கினேன்" என்றேன்.

"காஜா எவ்வளவு அழகா எடுத்திருக்கான் பாரு, ரத்தினம்" என்றார்.

வீட்டுக்கு வந்து, அந்தச் சட்டையின் காஜா ஒவ்வொன்றையும் நூல் நூலாகப் பிரித்துப் பார்த்தே காஜா கற்றுக்கொண்டார். உடம்பில் ஏறாத வரைக்கும் சத்தியத்துக்குப் பழுதில்லை என்று தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். காலண்டரில் ஒரு வரி ஏறியது: 'அளந்த கைதான் வெட்ட வேண்டும்.'

வைகாசிக்குள் முதுநகரிலிருந்தும் புவனகிரியிலிருந்தும் ஆறு பேர் வந்து காதுகுத்து ஜிப்பா கேட்டார்கள். இவர் ஆறு பேருக்கும் தப்பை விளக்கப் பார்த்தார். ஒருவரும் கேட்பதாக இல்லை. இப்போது சுற்றுவட்டாரத்தில் காது குத்து என்றால் கை நீளமான ஜிப்பாதான். பொன்னுரங்கம்கூட அந்த மாதிரியில் தைத்து மாட்டியிருக்கிறார் என்று நஸ்ருதீன் அண்ணன் சொல்லிச் சிரித்தார்.

போன மாதம் புஷ்பா பள்ளிக்கூட லீவுக்கு மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பழனிவேலுக்கு ஏழு வயது முடிந்துவிட்டது. மாமனுக்குக் காட்ட வேண்டும் என்று அந்தச் சந்தன ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். கை மணிக்கட்டில் நின்றது. நீளம் முழங்காலுக்கு மேலே அளவாக நின்றது. கடையில் அளவெடுத்துத் தைத்தாலும் அப்படி அமையாது.

இவர் மிஷினை விட்டு எழுந்து வந்தார், இந்தத் தடவை வேட்டி தனியாகத்தான் இருந்தது. பிள்ளையைச் சுவரோரமாக நிறுத்தி, தோளிலிருந்து அந்தப் பெரிய கையை விரித்து வைத்தார். இரண்டு சாண். அப்புறம் நாலு விரல்.

"பாத்தியா ரத்தினம்! நான் தச்ச அளவு சரிதான். புள்ளதான் லேட்டா வந்திருக்கான்."

புஷ்பா சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்து, ஆறு வயதுப் பிள்ளை மாதிரி, அப்படியே தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அடுப்பில் பால் இல்லை.